டேப் கேட்பவரிடம் டிரில்லையும் கேளுங்கள்

உடைந்த டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு “சரக்கு மட்டம்” என்று சண்டைக்கு வரும் பட்டறைக்காரரைப் பார்க்காத ஹார்டுவேர் கடைக்காரர் நம் உறுப்பினர்களில் எவரும் இருக்க முடியாது. அந்தத் துண்டு கடைசியில் மொத்த வியாபாரிகளான எங்கள் மேஜைக்குத்தான் வந்து சேருகிறது. உடைந்த டேப்புக்குக் கம்பெனி மாற்றுத் தருவது அபூர்வம். ஒன்று கடைக்காரர் நஷ்டப்பட வேண்டும், அல்லது வாடிக்கையாளரை இழக்க வேண்டும். அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. டேப் நூறு இருநூறு ரூபாய்தான்; அது மாட்டிக்கொண்ட ஜாப் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஹெச்.எஸ்.எஸ். டேப் துண்டைச் சாதாரண டிரில் தொடாது. ஸ்பார்க் மெஷின் வைத்திருப்பவரிடம் ஓட வேண்டும்.

நாங்கள் பார்த்த வரையில் பெரும்பாலும் குற்றம் டேப்பில் இல்லை, அதற்கு முன் போட்ட துளையில் இருக்கிறது. எந்தத் துளைக்கு எந்த டேப் என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. மில்லிமீட்டர் மரையில், விட்டத்திலிருந்து பிட்சைக் கழித்தால் டிரில் அளவு வந்துவிடும். எம் 6-க்குப் பிட்ச் 1, டிரில் 5. எம் 10-க்குப் பிட்ச் 1.5, டிரில் 8.5. எம் 8-க்குப் பிட்ச் 1.25, கழித்தால் 6.75, கடையில் 6.8 என்று கேட்க வேண்டும். எம் 12-க்கு 10.2.

தகராறு பெரும்பாலும் இந்த எம் 8-ல்தான் வருகிறது. பட்டறையில் 6.8 இருக்காது, 6.5 இருக்கும். 0.3 மில்லிமீட்டர்தானே என்று போட்டுவிடுவார்கள். 6.8 துளையில் முழு மரை உயரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு விழும். இரும்பில் துளையின் ஆழம் போல்ட் விட்டத்தளவு இருந்தால் அதுவே தாராளம்; மரை அறுவதற்கு முன் போல்ட் அறுந்துவிடும். 6.5 துளையில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் விழும். பலம் பெரிதாகக் கூடாது, டேப்பைத் திருப்பும் பாரம்தான் ஏறும். சீவல் போக இடமின்றி டேப் ஒடியும்.

6.5 டிரில் எல்லாப் பட்டறையிலும் இருப்பதற்குக் காரணம் உண்டு. அது இரண்டரை நூல், அதாவது 5/16 அங்குல விட்வொர்த் மரைக்கு உரிய டிரில். மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-லேயே வந்துவிட்டாலும், பழைய மெஷின்களைப் பார்ப்பவர்கள் வாயில் இன்றும் நூல் கணக்குத்தான். இரண்டரை நூல் 7.94 மில்லிமீட்டர், எம் 8-ம் கண்ணுக்கு அதேதான். ஆனால் அதில் அங்குலத்துக்கு 18 மரை, அதாவது பிட்ச் 1.41. ஒன்றின் போல்ட் மற்றதில் இரண்டு சுற்று போய் இறுகிவிடும். ஆகவே “எட்டு எம்.எம். டேப் கொடு” என்று வருபவரிடம், பழைய போல்ட் இருந்தால் கொண்டு வரச் சொல்லுங்கள். கவுண்டரில் ஒரு பிட்ச் கேஜ் வைத்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்கு ஆகும் செலவு ஒரு டேப் விலைகூட இராது.

அடுத்து, கை டேப் மூன்று சேர்ந்தது ஒரு செட். விலை குறைவு என்று கடைசி டேப்பை மட்டும் உதிரியாகக் கேட்பார்கள். கடினமான ஜாபில் முதல் டேப் செய்ய வேண்டிய வேலையையும் அதன் தலையில் கட்டினால் தாங்காது. அடி அடைத்த துளையானால், நுனியில் சீவல் தங்க இடம் விட்டு ஆழமாகத் துளையிட வேண்டும். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று திருப்பினால் சீவல் முறிந்து விழும். எண்ணெய் விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால், இரும்புக்குக் கட்டிங் ஆயில், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், வார்ப்பிரும்புக்கு ஒன்றும் வேண்டாம்.

டிரில் வேகத்துக்கும் ஒரு கணக்கு. சாதாரண இரும்பில் ஹெச்.எஸ்.எஸ். டிரில்லுக்கு 8000-ஐ விட்டத்தால் வகுத்தால் நிமிடச் சுற்று ஏறக்குறைய வரும், 10 மி.மீ.க்கு 800. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அதில் பாதிக்கும் குறைவு, அழுத்தம் விடாமல் கொடுக்க வேண்டும். வெறுமனே உரசினால் அந்த இடம் கெட்டிப்பட்டு டிரில் மழுங்கும். அப்போதும் பழி நம் சரக்குக்குத்தான்.

4.2, 6.8, 10.2 டிரில்கள் ஓடாது என்று பலர் வாங்கி வைப்பதில்லை. தனியாக வைத்தால் ஓடாதுதான். 4.2-ஐ எம் 5 டேப்போடும், 6.8-ஐ எம் 8 டேப்போடும், 10.2-ஐ எம் 12 டேப்போடும் ஒரே கவரில் போட்டு விலை சொல்லிப் பாருங்கள். எங்களிடம் அப்படி வாங்கிப்போகும் கடைகளிலிருந்து உடைந்த துண்டு வருவது வெகுவாகக் குறைந்திருக்கிறது.