உங்களுக்குத் தெரியுமா? கைவிட்ட திட்டம் நிறைவேறிய கொடிமலை

பினாங்குக் கொடிமலையில் இன்று ரயில் ஓடுவது இரண்டாவது முயற்சியில் பிறந்த பாதையில்! 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தனியார் தொடங்கிய முதல் மலைரயில் கட்டி முடித்தும் தொழில்நுட்பக் கோளாறால் ஓடாமல் கைவிடப்பட்டது. பணம் வீண்; மலைக்குப் போவோர் மறுபடி நடந்தும் டோலியிலும் ஏறினார்கள்.

ஆனாலும் அரசு அந்த எண்ணத்தை விடவில்லை. பொறியாளர் ஜான்சன் சுவிட்சர்லாந்தின் மலைரயில்களைப் பார்த்துவந்து பணியை ஏற்றார். இரு பகுதிகளாக அமைந்த பாதையில், ஒவ்வொரு பகுதியிலும் ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளில் இரு பெட்டிகள். இறங்கும் பெட்டியின் எடை மற்றதை ஏற்றிவிட உதவும். அடர்காடும் செங்குத்துச் சரிவும் தாண்டி, 1923 அக்டோபரில் பயணிகள் ஏறினார்கள். 1924 ஜனவரி 1இல் முறைப்படி திறப்பு விழா. தோற்ற திட்டத்துக்குத் திரும்பிவந்து முடித்துவைத்த அந்தப் பிடிவாதம்தான் இதில் பெரிய சாதனை. அடுத்தமுறை மலையடிவாரத்திலுள்ள ஆயர் ஈத்தாம் போனால் அவசியம் ஏறிப் பாருங்கள்.