புள்ளி நாயும் குலத்தூய்மையும்

வெண்மேனியிற் கரும்புள்ளி திகழும் டால்மேஷன் நாயை வியவாதார் இலர். அவ்வழகோடு ஒரு நோயும் அதன் குலத்தில் வழிவழி வந்தது. பிற நாய்களின் ஈரல் யூரிக் அமிலத்தை எளிதிற் கரையும் பொருளாக மாற்றும். இதற்கோ அத்திறம் குன்றியமையால், அவ்வமிலம் சிறுநீர்ப்பையிற் கல்லாகி, ஆண் நாய்களைப் பெரிதும் வருத்தும். அக்குலம் முழுவதும் பழுதுற்ற மரபணுவையே உடைத்தாயிருந்தமையின், குலத்துள்ளேயே எத்துணை ஆராய்ந்து இணைப்பினும் பயனில்லை.

1973-இல் அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஷைபிள் பாயிண்டர் நாயொன்றை ஒருமுறை கலந்து, அதன் வழித்தோன்றல்களை மீண்டும் மீண்டும் டால்மேஷனோடே சேர்த்துவந்தார். புள்ளியும் நிலைத்தது, நன்மரபணு பெற்றவற்றில் நோயும் அகன்றது. எனினும் குலத்தூய்மை கெடுமென்று வளர்ப்போர் பலர் எதிர்த்தமையின், அமெரிக்கக் கென்னல் கழகம் இவற்றை நிலையாக ஏற்றது 2011-இலேதான். கல்லடைத்துத் துடிக்கும் விலங்கிற்கு அத்தூய்மையால் யாது பயன் என்று யாம் வினவுகின்றோம்.

நன்மரபணு ஒன்றே பெற்ற நாயைப் பழைய குலத்து நாயோடு இணைப்பின், குட்டிகளில் ஏறக்குறையச் செம்பாதியே நலம்பெறும். ஆதலின் ஒவ்வொன்றையும் சோதித்தறிந்த பின்னரே இணைசேர்த்தல் வேண்டும்.