விலைச்சீட்டில் இடம்பெறாத நீர்

பொருளாதார முதலாண்டு வகுப்பில் நான் ஆண்டுதோறும் தவறாமல் நடத்திய பாடம் ஒன்று உண்டு. உயிர் வாழ இன்றியமையாத நீர் மலிவாகவும், இல்லாமலே வாழத்தக்க வைரம் விலைமிகுந்தும் இருப்பது ஏன்? ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட தமது நூலில் சுட்டிய முரண் இது. 'நீர் மிகுதியாகக் கிடைக்கிறது. ஆகவே மலிவு' என்று விளக்குவேன். ஒருமுறை, நொய்யல் கரை ஊரிலிருந்து வந்த மாணவர் எழுந்து, "ஐயா, எங்கள் கிணற்று நீரை மாடுகூடக் குடிப்பதில்லையே" என்றார். அன்று என்னிடம் விடை இல்லை.

குடிநீர்க் குடத்துக்குக் கணக்குப் பார்க்கும் நாம், அணியும் சட்டைக்குள் இருக்கும் நீரைக் காண்பதில்லை. பருத்தி விளைவது முதல் சாயமேற்றுவது வரை, உலகச் சராசரியாக ஒரு பருத்திச் சட்டைக்கு ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் செலவாகிறது. ஒரு கிலோ அரிசிக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். ஒரு கோப்பை காபிக்கு 130 லிட்டர். இதனையே 'மறைநீர்' என்கிறோம். இக்கருத்தை முன்வைத்த லண்டன் பேராசிரியர் ஜான் ஆண்டனி ஆலனுக்கு 2008-ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் நீர் விருது வழங்கப்பட்டது.

ஆயினும், எண்களை மட்டும் கொண்டு தீர்ப்பளிப்பது பிழை. எல்லா லிட்டரும் ஒன்றல்ல. மானாவாரிச் சோளம் உறிஞ்சும் மழைநீர், பெரும்பாலும் வேறெதற்கும் பயன்பட்டிராது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைக்கப்படும் நீரோ அண்டை நிலத்துக்கும் அடுத்த தலைமுறைக்கும் உரியது. ஒன்றைப் பெறுவதற்காக நாம் இழக்கும் மற்றொன்றே அதன் வாய்ப்புச் செலவு. நீரின் உண்மை விலையும் அதுவே.

திருப்பூர் இதற்குச் சான்று. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. பின்னலாடையை வாங்கியவர் செலுத்திய விலையில் கரையோர உழவரின் இழப்பு சேரவில்லை. அதனை உழவரே சுமந்தார். 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியேற்றாமல் முழுமையாகச் சுத்திகரிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதன்பின் கண்டிப்பானது. அச்செலவு உற்பத்திக் கணக்கில் ஏறியது. யாரோ ஒருவர் வெளியே சுமந்த செலவு, உரிய இடத்துக்குத் திரும்பத் தொடங்கியது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. ஏற்றுமதி வருவாயைக் கணக்கிடும் அரசு, அதனுடன் வெளியேறும் நிலத்தடி நீரையும் வட்டாரவாரியாகக் கணக்கிட வேண்டும். நீர் வற்றிய வட்டாரங்களில் கரும்புக்கும் நெல்லுக்கும் மாற்றாகச் சிறுதானியம் பயிரிடுவோருக்கு உறுதியான கொள்முதல் விலை தர வேண்டும். விலை உறுதியின்றிப் பயிரை மாற்றுமாறு உழவரிடம் கூறுவது நியாயமாகாது. நம் பங்கு எளியது: சட்டையை இன்னும் ஓராண்டு கூடுதலாக உடுத்தலாம், இலையில் சோற்றை வீணாக்காதிருக்கலாம்.

அந்த மாணவருக்கு இப்போது என்னால் விடை கூற முடியும். நீர் மலிவானதன்று, அதற்குரிய விலையை நமக்குப் பதிலாக அவருடைய ஊர் செலுத்திக் கொண்டிருந்தது.