பசுபிக் தீவுகளின் விருந்தும் கூத்தும்

பசுபிக் சமுத்திரத்தின் வரைபடத்தில் வடக்கே ஹவாய், தென்மேற்கே நியூசிலாந்து, தென்கிழக்கே ராப்பா நூயி எனப்படும் ஈஸ்டர் தீவு ஆகிய மூன்றையும் கோடிட்டு இணைப்போமாயின், மாபெரும் முக்கோணம் ஒன்று தோன்றும். அதனுள் அடங்கிய தீவுகளே பொலினீசியா. திசைகாட்டும் கருவி எதுவுமின்றி, விண்மீன்களையும் அலைகளின் போக்கையும் பறவைகளின் பறப்பையும் துணையாகக்கொண்டு, இரட்டைத் தோணிகளிலே சென்று இத்தீவுகளிற் குடியேறிய மக்கள் மொழியாலும் பழக்கவழக்கத்தாலும் ஒரு குலத்தினர்.

இம்மக்களின் வாழ்வை ஓரிடத்திற் காட்டும் பொலினீசியக் கலாசார நிலையம், ஹவாயைச் சேர்ந்த ஓவாஹு தீவின் வடகரையிலுள்ள லாயியே என்னுங் கிராமத்தில் அமைந்துள்ளது. மோர்மன் திருச்சபையினர் 1963 ஆம் ஆண்டு ஒக்டோபர் 12 ஆந் திகதி இதனைத் திறந்துவைத்தனர். 42 ஏக்கர் நிலப்பரப்பில், செயற்கை வாவியின் கரைகளிலே ஹவாய், சமோவா, தொங்கா, தஹிற்றி, பீஜி, அவுத்தியாறோவா எனப்படும் நியூசிலாந்து ஆகிய ஆறு நாட்டுக் கிராமங்கள் எழுந்துள்ளன.

சமோவாக் கிராமத்தில் இளைஞனொருவன் தென்னையில் விறுவிறென ஏறுகிறான். மற்றொருவன் கட்டையோடு கட்டையை உரைத்துத் தீ மூட்டுகிறான். நம் ஊரிலே அலவாங்கை நிலத்தில் நட்டுத் தேங்காய் உரிப்பதுபோல, அவர்கள் கூரிய மரக்கோலை நட்டு உரிக்கின்றனர். தொங்காக் கிராமத்தில் முரசொலி அதிர்கின்றது. மாவோரியர் கிராமத்திலே, விழிகளை உருட்டி நாவை நீட்டி நிலமதிர ஆடும் ஹாக்கா ஆட்டம் காண்போரை நடுங்கவைக்கின்றது.

மாலையில் நடைபெறும் விருந்துக்கு லூவாவு என்று பெயர். லூவாவு என்பது உண்மையிற் சேம்பின் இளங்குருத்து இலையைக் குறிக்குஞ் சொல்லாகும். நிலத்திலே குழிதோண்டி விறகெரித்து, அதிற் கற்களைப் பழுக்கக் காய்ச்சி, வாழைத்தண்டும் இலைகளும் பரப்பி, முழுப்பன்றியை வைத்து மண்ணால் மூடிவிடுகின்றனர். பல மணி நேரத்தின் பின் திறக்கும்போது இறைச்சி பஞ்சுபோல் வெந்திருக்கும். சேப்பங்கிழங்கை அவித்து இடித்து நீர்விட்டுக் குழைத்த களிக்குப் பொய் என்று பெயர். அதனை எத்தனை விரலால் எடுத்து உண்ணலாம் என்பதைக்கொண்டே அதன் தடிப்பை அளவிடுவர். தேங்காய்ப்பாலை மாவுடன் இறுகக் காய்ச்சித் துண்டுகளாக்கிய இனிப்பு இறுதியில் வரும்.

இந்த விருந்துக்குப் பின்னே ஒரு சரித்திரம் உண்டு. முற்காலத்தில் ஹவாயிலே ஆண்களும் பெண்களும் சேர்ந்துண்பது கடுந் தண்டனைக்குரிய குற்றம். 1819 ஆம் ஆண்டில் இரண்டாம் கமேஹமேஹா மன்னர் பெண்களுடன் அமர்ந்து உணவருந்தினார். அந்த ஒரு பந்தியோடு பழைய விலக்குமுறை முழுவதும் சரிந்து வீழ்ந்தது.

இரவில் ‘ஹா’ என்னும் பெருங்கூத்து நிகழ்கின்றது. 2009 ஆம் ஆண்டு தொடக்கம் மேடையேறும் இக்கூத்து, மனா என்பவனின் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து கூறுகின்றது. ‘ஹா’ என்றால் மூச்சு. சமோவா வீரர்கள் தீப்பற்றிய கத்தியைச் சுழற்றி ஆடும் காட்சியிலே அரங்கம் மூச்சடங்கி நிற்கின்றது.

ஆயினும் ஒரு கேள்வி எழாமலில்லை. நுழைவுச்சீட்டு வாங்கியோருக்காக ஆடப்படும் ஆட்டம் மெய்யான கலையாகுமா? சடங்கு வேடிக்கையாகிவிட்டதென வருந்துவோர் ஹவாயிலேயே உளர். அவ்வருத்தத்தில் நியாயமுண்டு. பல்லாண்டு பயின்று முன்னோரை நினைந்து ஆடவேண்டியதைக் கைதட்டலுக்காகச் சுருக்கும்போது, பொருள் சிறிது சிறிதாகக் கழன்றுவிடக்கூடும்.

மறுபுறத்தையும் நோக்கவேண்டும். 1820 ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து கிறிஸ்தவப் போதகர்கள் வந்தனர். அவர்களின் சமயத்தைத் தழுவிய கஅஹுமானு அரசி 1830 ஆம் ஆண்டில் ஹூலா நடனத்தைப் பொதுவிடங்களில் ஆடக்கூடாதெனத் தடைசெய்தார். 1883 இல் கலாக்காவுவா மன்னர் தம் முடிசூட்டு விழாவிலே அதனை மீண்டும் ஆடச்செய்தார். 1896 இல் ஹவாய்மொழி பாடசாலைகளிலிருந்து விலக்கப்பட்டது. 1978 இலேதான் அம்மொழி ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. இத்தனை இடரையும் கடந்து நின்ற கலை, இன்று கிறிஸ்தவ சபையொன்றின் அரங்கிலேயே ஆடப்படுவது சரித்திரத்தின் விந்தை.

மேலும், ஆடுவோருள் மிகப்பலர் அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் மாணாக்கர். பகலிற் படித்து, எஞ்சிய நேரத்தில் தம் தீவின் பாட்டையும் ஆட்டத்தையும் காட்டிக் கல்விச்செலவை ஈட்டுகின்றனர். தாய்மண்ணை விட்டு நெடுந்தூரம் வந்த பிள்ளைக்குப் பாட்டியார் கற்பித்த ஆட்டமே பட்டத்துக்கு வழியாகின்றது.

கலை நிலைப்பது அரங்கினாலன்று. அதனை அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்போராலேயே. விளக்கணைந்து பிரயாணிகள் சென்றபின்னரும் தன் தம்பிக்கு அந்த அடவைச் சொல்லிக்கொடுக்கும் மாணவன் உள்ளவரை, அக்கலைக்கு அழிவில்லை என்போம்.