கேட்பாரற்றுக் கிடந்த ஓர் இசைத்தட்டு

விற்பனை வேறு, சிறப்பு வேறு. இரண்டும் சில வேளைகளில் சேர்ந்து வருவதுண்டு. வந்தால் மகிழ்ச்சிதான். சேர்ந்து வராதபோது நல்ல பொருள் ஒன்று கடையின் மூலையில் கிடக்க நேர்கிறது. அதை எடுத்துத் தூசி துடைத்து, "இங்கே பாருங்கள்" என்று நான்கு பேருக்குக் காட்டும் வேலை ரசிகர்களைச் சார்ந்துவிடுகிறது.

அமெரிக்கப் பாடகி பாபி ஜென்ட்ரி 1968 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட 'தி டெல்டா ஸ்வீட்' என்னும் இசைத்தட்டின் கதை அத்தகையது. வந்த காலத்தில் அதை வாங்கியவர் சிலரே. ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பத்துக்கு மேற்பட்ட பாடகியர் சேர்ந்து, ஏறக்குறைய அந்தத் தட்டு முழுவதையும் பாட்டுக்குப் பாட்டு மறுபடியும் பாடி வெளியிட்டார்கள். தோற்றுப்போன தட்டு ஒன்றுக்கு இந்த மரியாதை எப்படிக் கிடைத்தது? இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடகியும் அவர் பிறந்த மண்ணும்

அமெரிக்க நாட்டின் தென்பகுதிக் கிராமங்களில் பிடில், பாஞ்சோ, கிட்டார் ஆகிய கருவிகளுடன் வளர்ந்த பாட்டு மரபைக் 'கன்ட்ரி' இசை என்பார்கள். உழைப்பு, வறுமை, குடும்பம், இறைபக்தி, பிரிவு ஆகியவை அதன் பொருள்கள். 1950களின் பிற்பகுதியிலிருந்து இந்த இசையின் கரடுமுரடைச் சற்று மழித்து, வயலின் கூட்டத்தையும் குழுப்பாடகர்களையும் பின்னணியில் சேர்த்து, நகரத்து வானொலிக்கு ஏற்றவாறு அமைத்தார்கள். அந்தக் கலப்பே 'கன்ட்ரி பாப்' எனப் பெயர் பெற்றது.

பாபி ஜென்ட்ரியின் இயற்பெயர் ராபர்ட்டா லீ ஸ்ட்ரீட்டர். 1942 இல் மிசிசிப்பி மாநிலத்தின் சிக்கசா மாவட்டத்தில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்துவிட்டதால் தாத்தா பாட்டியின் பண்ணையில் வளர்ந்தார். பேத்தியின் இசை ஆர்வத்தைக் கண்ட பாட்டி, கறவை மாடு ஒன்றை அண்டை வீட்டாருக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு பியானோவை வாங்கித் தந்தாராம். சில காலம் தந்தையுடன் கிரீன்வுட் என்னும் ஊரிலும் இருந்தார். மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடைப்பட்ட தட்டையான வண்டல் நிலத்தில் உள்ள ஊர் அது. பருத்தி விளையும் பூமி. அந்நிலத்தையே அங்கே 'டெல்டா' என்கிறார்கள். கறுப்பின மக்களின் 'புளூஸ்' இசை செழித்த மண்ணும் அதுவே. பதின்மூன்றாம் வயதில் தாயுடன் வாழக் கலிபோர்னியா சென்றார். அங்கே தத்துவமும் பின்னர் இசையும் பயின்றார். 'ரூபி ஜென்ட்ரி' என்ற 1952 ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் பெயரிலிருந்து தம் மேடைப் பெயரை எடுத்துக்கொண்டார்.

1967 இல் கேப்பிட்டல் நிறுவனம் வெளியிட்ட 'ஓட் டு பில்லி ஜோ' என்னும் பாட்டு அவரை ஒரே கோடையில் நாடறிந்தவர் ஆக்கியது. ஒரு குடும்பம் மேசையைச் சுற்றி அமர்ந்து உண்கிறது. உணவுப் பாத்திரங்கள் கை மாறுகின்றன. அந்தப் பேச்சுக்கிடையே, ஊர் இளைஞன் ஒருவன் பாலத்திலிருந்து குதித்து இறந்த செய்தியும் வந்து போகிறது. பேசாமல் இருப்பவள் கதை சொல்லும் பெண் ஒருத்தியே. அவளுக்கும் அவனுக்கும் என்ன உறவு என்பதைப் பாட்டு கடைசிவரை சொல்வதில்லை. இந்தப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் நான்கு வாரம் முதலிடத்தில் நின்றது. அதைத் தாங்கி வந்த தட்டோ பீட்டில்ஸ் குழுவினரின் 'சார்ஜென்ட் பெப்பர்' தட்டையே முதலிடத்திலிருந்து இறக்கியது. மறு ஆண்டு கிராமி பரிசுகளும் வந்தன.

இவ்வளவு புகழுக்குப் பின் வெளிவந்த அடுத்த தட்டுதான் 'தி டெல்டா ஸ்வீட்'. அது பில்போர்டு பட்டியலில் எட்டிய உயர்ந்த இடம் 132. முதல் தட்டு 1. இரண்டாம் தட்டு 132. ஓர் ஆண்டுகூட ஆகவில்லை.

ஏன் வீழ்ந்தது?

மக்கள் எதிர்பார்த்தது இன்னொரு 'பில்லி ஜோ'. ஒரு மர்மம், ஒரு பாலம், ஒரு மரணம் என்று ஒரு பாட்டு மட்டும் இருந்திருந்தால் போதும்; மற்ற பதினொன்றைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஜென்ட்ரி அதைத் தரவில்லை. அவர் தந்தது ஓர் இசைக்கோவை.

தட்டின் பெயரே அதைச் சொல்கிறது. 'ஸ்வீட்' என்ற ஒலிக்கு ஆங்கிலத்தில் இரு பொருள் கொள்ளலாம். ஒன்று இனிமை. மற்றொன்று, வரிசையாகச் சேர்த்துக் கோத்த இசைப் பகுதிகளின் தொகுதி. எழுத்து முதலதைக் காட்ட, ஒலி இரண்டையும் காட்டும்படி பெயரிட்டார். தட்டில் பன்னிரண்டு பாடல்கள். எட்டு அவர் பெயரில் அமைந்தவை, நான்கு பிறருடையவை. ஒவ்வொன்றும் அடுத்ததோடு இணைந்து செல்கிறது. இப்படிப்பட்ட ஒன்றைத் துண்டாக வெட்டி வானொலியில் போட்டால் என்ன கிடைக்கும்? மாலையிலிருந்து ஒரு பூவைப் பறித்துக் காட்டுவது போலத்தான் இருக்கும். தனித்தட்டாக வந்த 'ஒகலோனா ரிவர் பாட்டம் பேண்ட்' 54 ஆம் இடத்தோடு நின்றுவிட்டது.

மற்றொரு காரணமும் உண்டு என்று எண்ணுகிறேன். கன்ட்ரி இசை கேட்பவர்க்கு இதில் புளூஸ் அதிகம். புளூஸ் கேட்பவர்க்கு வயலின் அதிகம். நகரத்து இளைஞர்க்கோ கிராமத்து மண் அதிகம். கடைக்காரர் எந்த அலமாரியில் வைப்பார்? அலமாரி கிடைக்காத பொருளுக்கு வாங்குவோரும் கிடைப்பதில்லை.

கூட்டத்திலிருந்து தனிமைக்கு

இத்தட்டை விரும்புகிறவர்கள் முதலில் சொல்வது, வரிசை மாற்றாமல் கேளுங்கள் என்பதே. அதன் காரணத்தை இரு பக்கங்களையும் ஒப்பிட்டால் அறியலாம்.

முதல் பக்கம் மனிதக் கூட்டத்தால் நிறைந்தது. ஊதுகருவிகள் முழங்க, அவர் பிறந்த மாவட்டத்து ஊரான ஒகலோனாவின் வாத்தியக் குழுவோடு தொடங்குகிறது. அடுத்து, ஜிம்மி ரீட் புகழ்பெறச் செய்த 'பிக் பாஸ் மேன்'. முதலாளியின் அதிகாரத்தைப் பார்த்துத் தொழிலாளி பேசும் பாட்டு. மூன்றாவதான 'ரீயூனியன்' மிகப் புதுமையானது. உறவினர் கூடிய வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள் அல்லவா? அதுவே அந்தப் பாட்டு. குரலின் மேல் குரல் ஏறுகிறது. மெட்டைவிடப் பேச்சே முன்நிற்கிறது. நம் வீட்டுக் கலியாணத்துக்கு முந்திய இரவை நினைத்துக்கொண்டால் பொருள் தானே விளங்கிவிடும். அதன்பின் மோஸ் ஆலிசன் எழுதிய 'பார்ச்மன் பார்ம்'. மிசிசிப்பி மாநிலச் சிறைப் பண்ணையின் பெயர் அது. விருந்து வீட்டிலிருந்து சிறைக்கு ஒரே தாவல்! அந்த மண்ணில் இரண்டும் அடுத்தடுத்தே இருந்தன என்பதை வாதம் செய்யாமல் வரிசையாலேயே உணர்த்துகிறார். பிறகு 'மார்னிங் குளோரி' என்ற மென்மையான காலைப் பாட்டு. இறுதியில் தேவாலயத்தின் உற்சாகத்தோடு 'செர்மன்' என்னும் பிரசங்கப் பாட்டு.

தட்டைத் திருப்பினால் 'டொபாக்கோ ரோடு' என்னும் ஜான் லௌடர்மில்க்கின் வறுமைப் பாட்டு. அங்கிருந்து கூட்டம் மெல்லக் கலைகிறது. 'பெண்டுலி பெண்டுலம்' கடிகார ஊசலின் அசைவில் காலம் கழிவதை நினைக்கிறது. 'ஜெஸ்ஸி லிசபெத்' ஒரு பெண்ணை நோக்கித் தாழ்ந்த குரலில் பேசுகிறது. 'ரிஃப்ராக்ஷன்ஸ்' பளிங்குப் பறவை ஒன்றைப் பற்றிய கனவு. இடையில் டக் கெர்ஷாவின் 'லூயிசியானா மேன்' சதுப்பு நிலத்து மீனவக் குடும்பம் ஒன்றைக் காட்டி ஒருமுறை சிரிக்க வைக்கிறது. முடிவில் 'கோர்ட்யார்டு'. காதலன் கட்டித் தந்த அழகிய கல் முற்றம் இருக்கிறது. அதில் அவள் தனியே இருக்கிறாள். கிட்டாரும் தந்திக் கருவிகளும் அடங்க, தட்டு முடிகிறது.

ஊரே கூடி முழங்கத் தொடங்கிய இசை, ஒருத்தியின் தனிமையில் வந்து நிற்கிறது. பன்னிரண்டையும் வரிசையாகக் கேட்டவர்க்கே இந்தப் பயணம் கிடைக்கும். பட்டியல்கள் பாட்டுகளை எண்ணின. பயணத்தை எண்ண அவற்றிடம் கருவி இல்லை.

குறையும் உண்டு. பிறர் பாடல்கள் நான்கும் ஜென்ட்ரியின் சொந்தப் பாடல்களுக்கு நிகரானவை என்று சொல்ல முடியாது. 'டொபாக்கோ ரோடு' பாட்டில் இசையமைப்பு அளவுக்கு மீறி ஆர்ப்பரிக்கிறது. இரண்டாம் பக்கத்தில் மென்மையான பாடல்கள் அடுத்தடுத்து வருவதால், அவசரமாகக் கேட்பவர்க்கு ஒன்றுபோலத் தோன்றக்கூடும். இக்குறைகளை மறைப்பது ரசனை ஆகாது. ஆயினும் ஜிம்மி ஹாஸ்கெல், ஷார்ட்டி ரோஜர்ஸ் ஆகியோரின் பின்னணி அமைப்பில் அந்தக் கரகரத்த தாழ்குரல் எந்த இடத்திலும் மூழ்கிப் போகவில்லை.

யாருடைய படைப்பு?

தட்டின் மேல் தயாரிப்பாளராகக் கெல்லி கார்டன் என்ற பெயரே அச்சாகியுள்ளது. ஆனால் தம் தட்டுகளில் பெரும்பாலானவற்றின் தயாரிப்புப் பணியைத் தாமே செய்ததாகவும், ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்ணுக்கு அந்த இடம் எளிதில் தரப்படாததால் நிறுவன ஊழியர் பெயரே போடப்பட்டதாகவும் ஜென்ட்ரி பின்னாளில் கூறினார். 1971 இல் வந்த 'பேட்ச்வொர்க்' தட்டில்தான் தயாரிப்பாளராக அவர் பெயரே அச்சேறியது. அதுவே அவருடைய கடைசித் தட்டுமாயிற்று.

இதனால்தான் 'தி டெல்டா ஸ்வீட்' வெறும் ரசனைப் பொருளாக மட்டும் நின்றுவிடவில்லை. பாடகி என்றால் பிறர் எழுதியதைப் பாடுபவள் என்று உலகம் எண்ணிய காலத்தில், பாட்டெழுதி, மெட்டமைத்து, கிட்டார் வாசித்து, பன்னிரண்டு பாடல்களையும் ஒரே எண்ணத்தில் கோத்த பெண் ஒருத்தியின் உழைப்பு அது. அதைப் பாராட்டுவது, மறைந்து நின்ற பெயரை உரிய இடத்தில் எழுதுவதாகும்.

ரசிகர் செய்த பணி

அந்தப் பணியை ரசிகர்கள் செய்தார்கள். பழைய தட்டுகளைத் தேடி வாங்கினார்கள், ஒருவருக்கொருவர் போட்டுக் காட்டினார்கள், பாடுகிறவர்கள் பாடினார்கள். 2018 இல் ஜென்ட்ரி கேப்பிட்டல் நிறுவனத்துக்காகப் பாடியவை அனைத்தும் எட்டுத் தட்டுகள் கொண்ட பெட்டகமாக வந்தன. 2019 இல் மெர்க்குரி ரெவ் என்னும் அமெரிக்கக் குழுவினர் இத்தட்டை மறுபடி இசையமைத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பாடகியை அழைத்தார்கள். முதல் பாட்டைப் பாடியவர் நோரா ஜோன்ஸ். நம் சிதார் மேதை ரவி சங்கரின் மகள். 'பெண்டுலி பெண்டுலம்' பாட்டைப் பாட வந்தவர்களுள் ஒருவர் ஆங்கிலப் பாடகி வாஷ்டி பன்யன். 1970 இல் தாம் வெளியிட்ட தட்டை யாரும் கேளாததால் இசையையே விட்டுச் சென்றவர் அவர். 2000 ஆம் ஆண்டில் அத்தட்டு மறுபதிப்பு ஆன பிறகே உலகம் அவரை அறிந்தது. கேட்பாரற்றுக் கிடந்த ஒருவர் கேட்பாரற்றுக் கிடந்த மற்றொருவரின் பாட்டைப் பாடினார். இதைவிடப் பொருத்தமான பாராட்டு வேறு உண்டோ?

ஜென்ட்ரியோ 1980களின் தொடக்கத்தில் பொதுமேடையை விட்டு விலகினார், மேடைக்குத் திரும்பவில்லை. அவர் எங்கே, ஏன் போனார் என்று துருவுவோர் பலர். கல் முற்றத்தில் தனித்திருக்கும் பெண்ணின் பாட்டை அவருடைய வாழ்க்கைக்கு முன்னறிவிப்பாகக் கொள்வோரும் உண்டு. அது சரியன்று என்றே தோன்றுகிறது. புகழின் உச்சியில், இருபத்தைந்து வயதில், ஒரு கலைஞராக அவர் படைத்த பாத்திரம் அது. பில்லி ஜோவின் கதையில் மேசையருகே மௌனமாக இருந்தவளை நாம் மதித்தோம். பாடியவரின் மௌனத்தையும் அவ்வாறே மதிப்பது நல்ல ரசிகர்க்கு அழகு. அவர் நமக்குத் தர விரும்பியது தட்டில் இருக்கிறது.

தேர்வு மதிப்பெண்ணையும் தரவரிசையையும் நாள்தோறும் எண்ணிக்கொண்டிருக்கும் மாணவ நண்பர்களே! 132 என்ற எண் பொய்யன்று. 1968 இல் எத்தனை பேர் காசு கொடுத்தார்கள் என்பதை அது சரியாகவே சொன்னது. அதற்குமேல் அதனிடம் கேட்டது நம் பிழை. விடுதியில் ஓய்வான ஓர் இரவில் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவாகவே இதற்கு வேண்டும். முதல் பாட்டிலிருந்து தொடங்குங்கள். இடையில் தாவாதீர்கள். கல் முற்றம் வரை சென்று, பிறகு உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள்.