தாருக்கு அடியில் உப்பு

குஜராத்தில் வேராவலிலிருந்து மாங்ரோல், மாதவ்பூர் வழியாகப் போர்பந்தருக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு, வழியில் தென்னந்தோப்புகளைக் கண்டதும் ஊர்ப் பக்கம் வந்துவிட்டோமோ என்று தோன்றும். கிணற்று நீரை வாயில் வைத்தால் அந்த நினைப்பு போய்விடும். பல கிணறுகளில் தண்ணீர் கரிக்கிறது.

கடலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நிலக்கடலைக்கும் கரும்புக்கும் பம்ப்செட் வைத்து இறைத்துவிட்டார்கள். கரையோரத்தில் நல்ல நீர், உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும் நல்ல நீர் 1 அடி இறங்கினால், அடியிலுள்ள உப்பு நீர் சுமார் 40 அடி மேலேறும் என்பது கணக்கு. இங்குள்ள சுண்ணாம்புப் பாறையோ துளை விழுந்தது. 1976-லும் 1978-லும் மாநில அரசு இதற்கென்றே உயர்மட்டக் குழுக்களை அமைத்தது.

விவசாயி படும் பாடு ஊரறிந்தது. சாலை படும் பாட்டைப் பேசுவோர் குறைவு.

நீர் தேங்கும் தாழ்வான இடங்களில், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் உப்பு நீர் சாலையின் மண் கரைக்குள் ஏறுகிறது. வெயிலில் நீர் ஆவியாகிவிட, உப்பு தங்கிவிடுகிறது. தார்ப் பூச்சுக்கு அடியில் அது உறைந்து, பூச்சைக் கொப்புளம்போல் தூக்கிவிடும். அப்புறம் ஒரு லாரிச் சக்கரம் போதும். கிராமச் சாலைகளில் பூச்சு மெல்லியது. அவைதான் முதலில் போகின்றன. குழியை மட்டும் மூடுவது ஒப்புக்குச் செய்யும் வேலை. கரையை உயர்த்தி, நடுவே பருமணல் பரப்பி நீர் ஏறாமல் தடுக்க வேண்டும். அதற்குச் செலவு உண்டு.

சிறு பாலங்களின் கதை இன்னும் மோசம். கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்பது இந்தியத் தர விதி. பக்கத்துக் கிணற்றிலேயே மொண்டு கலந்தால் கம்பி உள்ளே துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும், கான்கிரீட் பிளக்கிறது. நல்ல தண்ணீர் டாங்கரில் வரவேண்டும். மிச்சம் எங்கே பிடிப்பார்கள் என்பது காண்டிராக்ட் வேலை பார்த்த நம்மவர்களுக்குத் தெரியாததல்ல.

குடிதண்ணீருக்கும் விதி இருக்கிறது: குளோரைடு 250, வேறு வழியில்லாவிட்டால் 1,000 வரை. டாங்கர் வராத நாட்களில், சாலையோரம் கூடாரம் போட்டிருக்கும் தார் வேலைக் குடும்பங்கள் உலை வைப்பதும் அந்தக் கிணற்று நீரில்தான்.