குடிலுக்குப் பின்னால் வாங்க!

டிசம்பர் 24 நள்ளிரவுப் பூசையில் நீங்கள் பார்ப்பது குடிலின் முன்பக்கம்: மலை, ஓடை, மாட்டுத் தொழுவம், உச்சியில் மினுக்கும் நட்சத்திரம். எனக்கு உயிர் அதன் பின்பக்கம்தான்! வாங்க, புதுச்சேரிப் பங்கு ஒன்றின் மறைக்கல்வி அறைக்குள் கூட்டிப்போகிறேன். பார்த்து நடங்கள், தரையெல்லாம் மைதா பசை!

மாலை ஆறு மணி. டியூஷன் பையைக் கழற்றாமலே ஓடிவருகிறாள் ஒன்பதாம் வகுப்புக்காரி. "அக்கா, மலைக்குக் கறுப்பு அடிச்சது யாரு? பச்சைன்னுதானே பேசினோம்!" அந்தப் பக்கம் நாலு பையன்கள் மூங்கிலைக் கட்டிக்கொண்டே நட்சத்திரம் எவ்வளவு பெரிசு என்று சண்டை போடுகிறார்கள். பழுப்புத் தாளைக் கசக்கினால் பாறை, உடைந்த கண்ணாடித் துண்டு குளம், வைக்கோல் கூரை. எல்லாம் இவர்கள் கைவேலை!

இனி உள்ரகசியம். இவர்களை எதிரில் உட்காரவைத்து, "படிப்பு எப்படிப் போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். "ம்", "நல்லா போகுது", அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து சணல் சுற்றிக் கொடுங்கள். கை வேலையில் இருக்க, கண்ணும் பாறையிலேயே இருக்க, வாய் தானாகத் திறக்கும். தேர்வு பயம், வீட்டுச் சண்டை, பேசாமல் போன தோழி என்று எல்லாம் வரும். நான் பதில் சொல்ல அவசரப்படுவதில்லை. பசைக் கிண்ணத்தை நகர்த்தி வைப்பேன். இன்னும் கொஞ்சம் வரும்!

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1841 டிசம்பர் 8 அன்று இத்தாலியின் துரின் நகரில், கோயில் பணியாளிடம் அடி வாங்கிய அனாதைப் பையனை ஓர் இளம் குருவானவர் அருகே அழைத்தார். பாடத் தெரியுமா, எழுதத் தெரியுமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் 'தெரியாது'தான். சீட்டியடிக்கத் தெரியுமா என்றதும் பையன் சிரித்துவிட்டான். அந்தக் குருவானவர்தான் தொன் போஸ்கோ. மறைக்கல்வி அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

எங்கள் சீட்டி இந்தக் குடில். 1223இல் கிரெச்சோ என்ற இத்தாலிய ஊரில் மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, வைக்கோல் பரப்பி அசிசி பிரான்சிஸ் அமைத்த குடிலிலிருந்து வரும் வழக்கம். இங்கே விதிகள் கொஞ்சம்தான்: கதவு திறந்தே இருக்கும், பெரியவர்கள் குறைந்தது இருவர் இருப்போம், யாருடைய வேலையையும் பிரித்துத் திருத்தமாட்டோம். நட்சத்திரம் கோணலா? கோணலாகவே தொங்கட்டும்!

அப்புறம் 'உளவு'! பெற்றோரிடம் சொல்லிவிட்டு, மற்றவர்களின் குடில்களைப் பார்க்க, சைக்கிள்களில் ஒரு மாலை பெரிய கோயில்களைச் சுற்றுவோம். மிஷன் வீதியில் 1791இல் எழுந்த சம்பா கோயில், ரயில் நிலையத்துக்கு அருகே இருதய ஆண்டவர் பசிலிக்கா, கடைசியில் டூமாஸ் வீதியின் கப்ஸ் கோயில். 1855இல் முடிந்த அந்தக் கோயிலின் பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சேர்த்தார்கள் என்பது ஊர்ப் பேச்சு. "நம்ம பசையிலும் ஊத்தலாமாக்கா?" என்று ஒருவன் கேட்க, கடற்கரைச் சாலை வரை சிரிப்பு!

வந்த நாள் முதல் வாயே திறக்காத பையன் ஒருவன் இருந்தான். அவனிடம் கேழ்வரகு விதைத்த தட்டுகளைக் கொடுத்தேன். குடிலின் புல்வெளி அதுதான். தினமும் தண்ணீர் தெளிக்கவேண்டும். தினமும் வந்தான். நாலாம் நாள், "அக்கா, முளைச்சிருச்சு!" என்று கத்தினான். அவன் குரலை அன்றுதான் கேட்டேன். பிறகு முளை வளர வளரப் பேச்சும் வளர்ந்தது.

இந்த 24ஆம் தேதி நள்ளிரவில் குழந்தை இயேசு சுரூபத்தை வைக்கும்போது எல்லோர் கண்ணும் தொட்டிலில் இருக்கும். நீங்கள் ஒரு நொடி குனிந்து அந்தப் புல்லையும் பாருங்கள்.